எய்ட் தரும் தொல்லைகள்: கோப்பு மாற்றக் கண்காணிப்பை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சர்வரில் எந்தக் கோப்பு மாறினாலும் காட்டிக்கொடுக்கும் மென்பொருளை நிறுவ அதிக நேரம் பிடிக்காது. மூன்று மாதம் கழித்தும் அதன் அறிக்கையை ஒருவர் திறந்து படிக்கிறாரா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நான் பார்த்த பல இடங்களில் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும், அறிக்கைகள் மெயிலில் குவிந்துகொண்டிருக்கும், படிக்க ஆள் இருக்காது. அதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். முந்நூறு வரி அறிக்கை தினமும் வந்தால் யாராலும் படிக்க முடியாது. ஆகவே கீழே வரும் ஒவ்வொரு கோளாறிலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போகிறேன்: இந்தத் திருத்தம் அறிக்கையைப் படிக்கிற அளவுக்குச் சுருக்குகிறதா? சுருக்கும்போது எதையாவது மறைத்துவிடுகிறதா?

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது எய்ட் (AIDE) என்ற மென்பொருள். கோப்புகளின் நிலையை ஒரு டேட்டாபேஸில் பதிந்து வைத்து, பிறகு இருக்கும் நிலையை அதோடு ஒப்பிட்டு மாறியதைச் சொல்லும். 1992-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜீன் கிம்மும் ஜீன் ஸ்பாஃபோர்டும் எழுதிய டிரிப்வயர் என்ற இதே வகை மென்பொருளுக்குக் கட்டற்ற மாற்றாக, 1999-ல் பின்லாந்தில் ராமி லெஹ்தி, பாப்லோ விரோலைனன் இருவரும் தொடங்கியது. டெபியன், உபுண்டு, ரெட் ஹாட் குடும்பம் என எல்லாவற்றிலும் நிறுவக் கிடைக்கிறது. உடனுக்குடன் எச்சரிக்கும் வாசூ (Wazuh) என்ற மென்பொருளைப் பற்றியும் ஓரிடத்தில் சொல்கிறேன். கட்டளைகளையும் கோப்புப் பாதைகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: முதல் சோதனையே ஓட மறுக்கிறது

இரண்டு விதமாக வரும். "டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை" என்றால், முதல் டேட்டாபேஸை உருவாக்கும் இனிட் கட்டளையை நீங்கள் ஓட்டியிருப்பீர்கள், ஆனால் உருவான கோப்பை இடம் மாற்றியிருக்க மாட்டீர்கள். எய்ட் எழுதுவது ஒரு பெயரில், படிப்பது வேறு பெயரில். ரெட் ஹாட்டில் /வார்/லிப்/எய்ட் கோப்புறையில் எய்ட்.டிபி.நியூ.ஜிஇசட் என்று எழுதும். சோதிக்கும்போது எய்ட்.டிபி.ஜிஇசட் என்பதைத் தேடும். நடுவில் பெயர் மாற்றுவது உங்கள் கையால் நடக்க வேண்டும் என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். இந்த இடைவெளியை அடைக்கத் தானியங்கி ஸ்கிரிப்ட் எழுதிவிடாதீர்கள். ஏன் என்று பின்னால் வரும்.

"கட்டமைப்பைக் காணோம்" என்ற செய்தி வந்தால் நீங்கள் டெபியனிலோ உபுண்டுவிலோ இருக்கிறீர்கள். அங்கே எய்ட் தானாகக் கட்டமைப்புக் கோப்பைத் தேடாது. ஒவ்வொரு முறையும் --கான்ஃபிக் என்று போட்டு /எட்சி/எய்ட்/எய்ட்.கான்ஃப் பாதையைக் கொடுக்க வேண்டும். முதல் டேட்டாபேஸ் உருவாக்க அங்கே எய்ட்இனிட் என்ற துணைக் கட்டளை இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

முதல் டேட்டாபேஸை எப்போது எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். இணையத்தில் ஆறு மாதம் திறந்து கிடந்த சர்வரில் இன்று எடுக்கும் பேஸ்லைன், அதாவது இனி ஒப்பிடுவதற்கான அடிப்படைப் பதிவு, ஏற்கெனவே உள்ளே யாராவது இருந்தால் அவரையும் வீட்டு ஆளாகப் பதிந்துகொள்ளும். பழைய சர்வராக இருந்தால் முதலில் டிபிகேஜி --வெரிஃபை அல்லது ஆர்பிஎம் -விஏ ஓட்டி, தொகுப்பிலிருந்து வந்த கோப்புகள் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

அறிகுறி: நேற்று சுத்தம், இன்று ஆயிரக்கணக்கான கோப்புகள் மாறியதாக வருகிறது

பதறாதீர்கள். எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன், எந்தப் பண்பு மாறியது என்று பாருங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே ஓர் எழுத்துச் சரம் இருக்கும். அதில் மாறிய பண்புக்கு மட்டும் எழுத்து நிற்கும், மாறாததற்குப் புள்ளி. அளவு கூடினால் வலப்பக்க அம்புக்குறி, குறைந்தால் இடப்பக்க அம்புக்குறி. அந்தச் சரத்தைப் படிக்கப் பழகிவிட்டால் பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்.

ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளச் சரம்), எம்டைம் (உள்ளடக்கம் மாறிய நேரம்), சிடைம் (உள்ளடக்கமோ உரிமை போன்ற பண்போ மாறிய நேரம்), ஐநோடு (வட்டில் கோப்பின் பதிவு எண்) எல்லாம் சேர்ந்து மாறி, மாறிய கோப்புகள் /யுஎஸ்ஆர் கீழே கொத்தாக இருந்தால், ஏறக்குறைய நிச்சயமாகத் தொகுப்பு மேம்படுத்தல். உபுண்டுவில் தானியங்கி மேம்படுத்தல் காலை 6 மணிக்குமேல் ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நேரத்தில் ஓடும். டெபியன் வகையில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானின் தினசரி வேலைகள் ஓடுவது காலை 6:25. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பாதி மாறிய நிலையில் எய்ட் படம் பிடிக்கும். மறுநாள் மீதிப் பாதி வரும். சோதனை நேரத்தை மேம்படுத்தலிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். மாறிய கோப்பு எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது, அந்தத் தொகுப்பு அந்த நேரத்தில் மேம்பட்டதா என்பதை ஆப்ட் ஹிஸ்டரி லாக்கில் பாருங்கள். ரெட் ஹாட் என்றால் டிஎன்எஃப் ஹிஸ்டரி. புதிய எம்டைம் பழைய தேதியைக் காட்டினாலும் பயப்பட வேண்டாம். தொகுப்பு கட்டப்பட்ட தேதியைத்தான் நிறுவி அதில் பதிக்கும்.

சிடைம் மட்டும் மாறி மற்றதெல்லாம் அப்படியே இருந்தால், கோப்பின் உள்ளடக்கத்தை யாரும் தொடவில்லை. உரிமை மாற்றிப் பழையபடி வைத்தது, கடின இணைப்பு போட்டு எடுத்தது, எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் லேபிளை மீண்டும் எழுதியது, அல்லது படித்த தடம் தெரியாமல் இருக்க அணுகல் நேரத்தைத் திருப்பி வைக்கும் சில பேக்கப் மென்பொருள்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் யோசிப்பதே இல்லை. புதிதாக பேக்கப் அமைத்த மறுநாள் சர்வர் முழுக்க சிடைம் மாறினால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

ஐநோடு எல்லாவற்றிலும் மாறியிருந்தால் வட்டு மாறியிருக்கும்: புது வட்டுக்குக் கோப்புகளைப் பிரதி எடுத்திருப்பார்கள், பேக்கப்பிலிருந்து மீட்டிருப்பார்கள். ஒரே ஒரு கட்டமைப்புக் கோப்பில் ஐநோடு மாறினால் அது பெரும்பாலும் கோப்பைத் திருத்தும் செட் -ஐ கட்டளையின் வேலை. அது பழைய கோப்பில் எழுதாது, புதுக் கோப்பு எழுதிப் பழைய பெயரைச் சூட்டும். பல எடிட்டர்களும் அப்படித்தான்.

இனி கவனமாகப் படிக்க வேண்டியவை. எம்டைம் மாறாமல், ஹேஷும் சிடைமும் மாறியிருந்தால் எல்லா வேலையையும் விட்டுவிட்டு அதைப் பாருங்கள். டச் கட்டளையால் எம்டைமை எந்தத் தேதிக்கும் திருப்பி வைக்கலாம். சிடைமை அப்படித் திருப்ப நேரான வழி இல்லை, சர்வர் கடிகாரத்தையே மாற்ற வேண்டும் அல்லது வட்டில் நேரடியாக எழுத வேண்டும். கோப்பை மாற்றிவிட்டு மாற்றிய நேரத்தை மட்டும் பழையபடி வைப்பது, பார்ப்பவர் கண்ணில் படக்கூடாது என்று நினைப்பவர் செய்கிற வேலை. அளவும் மாறாமல் இருந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். இதற்காகவே நான் எந்த விதியிலிருந்தும் சிடைமை எளிதில் எடுப்பதில்லை. "சிடைம் சும்மா சும்மா மாறுகிறது" என்று சொல்லி அதை நீக்கச் சொல்பவர்கள் நிறைய. நீக்கினால் அறிக்கை குறையும், உண்மைதான். அதோடு மேலே சொன்ன சுவடும் போய்விடும்.

ஹேஷ் மட்டும் மாறி, எம்டைமும் சிடைமும் இரண்டுமே மாறவில்லை என்றால்? சோதனையை உடனே இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டு ஓட்டத்தில் இரண்டு வெவ்வேறு ஹேஷ் வந்தால் நினைவகமோ வட்டோ பழுதாகிறது. இயங்குதளத்தின் கருவான கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியையும், வட்டின் நலம் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல்லையும் பாருங்கள். ஒரே மாறிய ஹேஷ் திரும்பத் திரும்ப வந்தால் அது வட்டில் நிகழ்ந்த சிதைவாகவும் இருக்கலாம், கோப்பு முறைமைக்கே தெரியாமல் யாரோ எழுதியதாகவும் இருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் உட்கார்ந்து இதை முடிவு செய்யாதீர்கள். கர்னல் மட்டத்தில் ஆள் நுழைந்திருந்தால் எய்ட் கேட்கும் கேள்விக்கும் அவர்தான் பதில் சொல்வார். மீட்பு வட்டில் பூட் செய்து, சர்வரின் வட்டைப் படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்து, அங்கிருந்து சோதியுங்கள்.

அறிகுறி: தினமும் அதே பத்து இருபது கோப்புகள்

படிக்கும் பழக்கத்தைக் கொல்வது இதுதான். ஒரு வாரம் அதே பட்டியல் வந்தால் கண் தானாக அதைத் தாண்டிப் போகும். எட்டாவது நாள் நடுவில் ஒரு புதுப் பெயர் இருந்தாலும் தாண்டும்.

லாக் கோப்புகளில் தொடங்குங்கள். அங்கே அளவு, ஹேஷ், நேரம் எதையும் பார்ப்பதில் பொருள் இல்லை. வளர்ந்துகொண்டே இருப்பது அவற்றின் இயல்பு. வளரும் அளவை மட்டும் கவனிக்கும் பண்பு ஒன்று இருக்கிறது, ஆனால் லாக்ரொட்டேட் சுழற்றும் நாளில் அளவு பூஜ்யத்துக்குப் போய் அதுவும் கத்தும். என் பழக்கம்: /வார்/லாக் கீழே உரிமை, உரிமையாளர், குழு மூன்றை மட்டும் பார்ப்பது. புதுக் கோப்பு வருவதையும் பழையது போவதையும் அனுமதிக்கும் ஏஎன்எஃப், ஏஆர்எஃப் இரண்டையும் சேர்ப்பது. லாக்கின் உள்ளடக்கத்தைக் காக்க வேண்டுமானால் அதை வேறொரு சர்வருக்கு அனுப்பிவிடுங்கள். எய்ட் அதற்கான கருவி இல்லை.

அதே ஏஎன்எஃப்பை /எட்சி மேல் போடாதீர்கள். ஊடுருவியவர் தங்குவதற்குப் பழைய கோப்பை மாற்றுவதைவிடப் புதுக் கோப்பு வைப்பது எளிது. /எட்சி/கிரான்.டி உள்ளே ஒரு வரி, சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் கோப்புறையில் ஒரு புதுச் சேவை, இல்லாத இடத்தில் திடீரென முளைத்து ஒவ்வொரு நிரலோடும் வேறு நிரலை ஏற்றவைக்கும் எல்டி.எஸ்ஓ.ப்ரீலோட். புதுக் கோப்பைச் சொல்லாதே என்று அங்கே எய்டுக்குச் சொல்வது கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

டிஎச்சிபி எழுதும் ரிசால்வ்.கான்ஃப், முழு உரிமையுள்ள பயனரான ரூட்டின் பாஷ் ஹிஸ்டரி, விம்இன்ஃபோ போன்றவற்றைப் பெயர் சொல்லி ஒவ்வொன்றாக விலக்குங்கள். மொத்தக் கோப்புறையை விலக்காதீர்கள். ரூட்டின் கோப்புறையில் சத்தம் வருகிறது என்று முழுதாக விலக்கிவிட்டால் எந்தச் சாவி வைத்திருப்பவர் கடவுச்சொல் இல்லாமல் நுழையலாம் என்று சொல்லும், அதற்குள் இருக்கும் எஸ்எஸ்எச் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பும் சேர்ந்து போய்விடும். நான் பார்க்கும் கோப்புகளில் முதல் வரிசையில் இருக்க வேண்டியது அது.

வலைத்தளம் ஓடும் சர்வரில் அப்லோட்ஸ் கோப்புறை இன்னொரு தலைவலி. நாளுக்கு நூறு படம் ஏறும். ஆனால் ஊடுருவியவர் வெளியிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் பிஎச்பி ஷெல் வந்து உட்காருவதும் அங்கேதான். ஆகவே கோப்புறையை விட்டுவிட்டு, படக் கோப்புகளின் விகுதியை மட்டும் விலக்கும் விதி எழுதுங்கள். அந்த விதியின் கடைசியில் டாலர் குறி கட்டாயம். எய்டின் விதிகள் பாதையின் தொடக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், முடிவில் ஒட்டாது. டாலர் இல்லாமல் .ஜேபிஜி என்று நிறுத்தினால், .ஜேபிஜி.பிஎச்பி என்று முடியும் கோப்பும் அந்த விலக்கில் நழுவிப் போகும். புள்ளிக்கு முன்னால் பின்சாய்கோடு போடவும் மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும்.

எல்லாச் சத்தமும் சத்தம் இல்லை. ஒரு புதுப் பயனரைச் சேர்த்துப் பாருங்கள். பயனர் பட்டியலான பாஸ்வேர்ட், கடவுச்சொற்களின் ஹேஷ் இருக்கும் ஷேடோ, குழுக்களுக்கான குரூப், ஜிஷேடோ நான்கும் மாறும். பெயரின் கடைசியில் கழித்தல் குறி போட்ட அவற்றின் பழைய பிரதிகள் நான்கும் மாறும். சப்யூஐடி, சப்ஜிஐடி மாறும். /எட்சி கோப்புறையின் நேரமும் மாறும். ஒரே ஒரு யூசர்ஆடுக்கு இத்தனை வரி. ஆனால் அந்தக் கொத்து ஒரு கைரேகை மாதிரி, ஒரு முறை பார்த்துவிட்டால் அடுத்த முறை பார்த்ததும் தெரியும். ஒருவர் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் ஷேடோ வரும், பாஸ்வேர்ட் கோப்பு வராது. கடவுச்சொல் மாற்றினேன் என்று ஒருவர் சொல்ல, பாஸ்வேர்ட் கோப்பும் மாறியிருந்தால் அவர் சொன்னதற்கு மேல் ஏதோ நடந்திருக்கிறது. இந்தக் கோப்புகளை ஒருபோதும் விலக்காதீர்கள்.

அறிகுறி: நானே மாற்றினேன், அறிக்கையில் வரவில்லை

மற்றவற்றைவிட இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். கண்காணிப்பு ஓடுகிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள், ஒரு பகுதி மொத்தமாக இருட்டில் இருக்கும்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது குறியீட்டு இணைப்பு. பழைய கட்டமைப்புகளில் /பின், /எஸ்பின், /லிப் என்று விதிகள் இருக்கும். ஃபெடோரா 2012-ல் தொடங்கி, ரெட் ஹாட் 7-லும் பிறகு டெபியனிலும் இவையெல்லாம் /யுஎஸ்ஆர் கீழே போய்விட்டன. இப்போது /பின் என்பது வெறும் இணைப்பு. எய்ட் இணைப்பைப் பின்தொடர்ந்து உள்ளே போகாது. அந்த ஓர் இணைப்பு மாறவில்லை என்று தினமும் உறுதி சொல்லும், அதற்குப் பின்னால் இருக்கும் நிரல்களைத் தொட்டுக்கூடப் பார்க்காது. விதியை /யுஎஸ்ஆர்/பின், /யுஎஸ்ஆர்/எஸ்பின், /யுஎஸ்ஆர்/லிப் என்று மாற்றுங்கள்.

அடுத்தது விலக்கு விதி அளவுக்கு மேல் விழுங்குவது. ஆச்சரியக் குறி போட்டு /ஹோம்/ஆப் என்று விலக்கினால், /ஹோம்/ஆப்அட்மின் என்ற வேறொரு பயனரின் கோப்புறையும் சேர்ந்து விலகும். மேலே சொன்ன அதே காரணம்: முடிவில் ஒட்டாது. ஒரு கோப்புறையையும் அதற்குள் இருப்பதையும் மட்டும் விலக்க, பெயருக்குப் பின் "சாய்கோடு அல்லது முடிவு" என்று அடைப்புக்குறிக்குள் எழுதி முடியுங்கள்.

சமக் குறியில் தொடங்கும் விதியையும் பாருங்கள். டாலருடன் முடியும் அப்படியொரு விதி அந்தக் கோப்புறையை மட்டும்தான் பார்க்கும், உள்ளே இறங்காது.

யூகித்துக்கொண்டிருக்க வேண்டாம். 0.17 பதிப்பிலிருந்து --பாத்-செக் என்ற விருப்பம் இருக்கிறது. கோப்பின் வகையையும் பாதையையும் கொடுத்தால், அதற்கு எந்த விதி பொருந்துகிறது, கட்டமைப்பின் எத்தனையாவது வரி என்று சொல்லிவிடும். கட்டமைப்பைத் தொட்ட ஒவ்வொரு முறையும் முக்கியமான சில கோப்புகளை இதில் போட்டுப் பார்ப்பது நல்லது. அதன்பின் உண்மையான சோதனை: கண்காணிக்கும் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்குங்கள், இருக்கும் ஒன்றின் உரிமையை மாற்றுங்கள், --லிமிட் கொடுத்து அந்தப் பகுதியை மட்டும் சோதியுங்கள். வராத பகுதி இருட்டில் இருக்கிறது என்று பொருள்.

அறிகுறி: அறிக்கை எப்போதும் சுத்தமாகவே வருகிறது

நடமாட்டம் உள்ள சர்வரில் மாதக்கணக்கில் ஒரு மாற்றமும் வரவில்லை என்றால் அது நல்ல சேதி இல்லை. அந்த மாதங்களில் ஒரு முறையாவது பாதுகாப்புத் திருத்தம் போட்டிருப்பீர்களே, அது எங்கே போனது?

பெரும்பாலும் கிரானில் போய்த்தான் முடியும். சோதித்த கையோடு புது டேட்டாபேஸைப் பழையதன் மேல் பிரதி எடுக்கும் ஒரு வரியை யாரோ சேர்த்திருப்பார்கள். டெபியனில் /எட்சி/டிஃபால்ட்/எய்ட் கோப்பில் காப்பிநியூடிபி என்ற அமைப்பே இருக்கிறது, அதை "யெஸ்" என்று வைத்தாலும் இதேதான். அப்போது ஒவ்வொரு மாற்றமும் ஒரே ஒரு நாள் மட்டும் அறிக்கையில் தலைகாட்டும், மறுநாள் முதல் அதுவே இயல்பு நிலை. அந்த ஒரு நாள் மெயிலைத் தவறவிட்டால் கதை முடிந்தது. டேட்டாபேஸை மாற்றுவது, அறிக்கையைப் படித்த மனிதர் கையால் மட்டுமே நடக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் இது இந்தக் காரணத்தால் மாறியது என்று பெயர் சொல்ல முடிந்த பிறகுதான் நடக்க வேண்டும். பெயர் சொல்ல முடியாத ஒரு வரி மிச்சமிருந்தால் டேட்டாபேஸை மாற்றாதீர்கள், அது நாளையும் வந்து உறுத்தட்டும்.

இதில் இன்னொரு நுணுக்கம். பலர் முதலில் செக் ஓட்டி அறிக்கையைப் படித்துவிட்டு, பிறகு இனிட் ஓட்டிப் புது டேட்டாபேஸ் எடுப்பார்கள். படித்ததற்கும் எடுத்ததற்கும் நடுவில் மாறியது எதுவும் எந்த அறிக்கையிலும் வராமல் பேஸ்லைனுக்குள் போய்விடும். அதற்குப் பதில் --அப்டேட் ஓட்டுங்கள். அது ஒரே ஓட்டத்தில் அறிக்கையும் தரும், புது டேட்டாபேஸும் எழுதும். நீங்கள் படித்த அறிக்கையும் ஏற்றுக்கொண்ட பேஸ்லைனும் ஒரே நொடியைச் சேர்ந்தவையாக இருக்கும். திருத்தம் போடும் நாளில் வரிசை இப்படி: முதலில் சோதனை, அது சுத்தம் என்றால் திருத்தம், பிறகு அப்டேட், படித்தல், கடைசியில் பெயர் மாற்றல்.

டேட்டாபேஸையே யாராவது மாற்றியிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ரூட் உரிமை பெற்றவருக்கு அதுவும் ஒரு கோப்புதான். அறிக்கையின் கடைசியில் எய்ட் தன் டேட்டாபேஸின் ஹேஷ்களை அச்சிடும். கடந்த முறை நீங்கள் ஏற்றுக்கொண்டபோது வந்த ஹேஷை வேறிடத்தில் குறித்து வைத்து ஒப்பிடுங்கள். டேட்டாபேஸ், கட்டமைப்புக் கோப்பு, எய்ட் நிரல் மூன்றின் பிரதியும் வேறொரு இயந்திரத்தில் இருக்கட்டும். அந்த இயந்திரம் இங்கே வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். சர்வர் அங்கே கொண்டுபோய்ப் போட்டால், அங்கே நுழையும் சாவியும் சர்வரிலேயே இருக்கும்.

அறிகுறி: சிஸ்டம்டி "தோல்வி" என்கிறது, அல்லது மெயிலே வருவதில்லை

எய்டின் வெளியேறும் எண்ணைப் பாருங்கள். புதுக் கோப்பு இருந்தால் 1, நீங்கிய கோப்பு இருந்தால் 2, மாறியது இருந்தால் 4. இவை கூடிக்கொண்டே வரும், ஆகவே 7 என்றால் மூன்றும் உண்டு. சிஸ்டம்டிக்குப் பூஜ்யம் தவிர எல்லாமே தோல்விதான். சேவைக் கோப்பில் 1 முதல் 7 வரையிலான எண்களை வெற்றி என்று அறிவித்துவிடுங்கள். 14-ம் அதற்கு மேலும் வந்தால்தான் உண்மையான கோளாறு: 17 கட்டமைப்பில் தவறான வரி, 18 படிப்பதில் எழுதுவதில் பிழை, 19 பதிப்புப் பொருத்தமின்மை.

மெயில் வராததற்குப் பெரும்பாலும் எய்ட் காரணமே இல்லை, சர்வரில் மெயில் அனுப்பும் நிரல் இருக்காது. மாற்றம் இல்லாத நாளிலும் ஒரு வரி மெயில் வரும்படி வையுங்கள். மாற்றம் இருந்தால் மட்டும் அனுப்பு என்று வைத்தால், மெயில் வராத நாளில் சர்வர் சுத்தமா, எய்ட் செத்துவிட்டதா என்று தெரியாது.

அறிகுறி: சோதனை ஓடும்போது சர்வர் மூச்சுத் திணறுகிறது

டாக்கரின் ஓவர்லே கோப்புறை, ஸ்னாப் மவுன்ட்கள், /ப்ராக், /சிஸ், பேக்கப் வைக்கும் வட்டு, நெட்வொர்க் வழியாகப் பகிரும் என்எஃப்எஸ் பகுதிகள் இவையெல்லாம் உள்ளே போயிருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான். பிறகு முன்னுரிமையைக் குறைக்கும் நைஸ், ஐயோநைஸ் போட்டு ஓட்டுங்கள். எம்டி5, ஷா1, ஷா512 என்று ஐந்தாறு ஹேஷ் ஒன்றாக வைத்திருந்தால் ஷா256 அல்லது ஷா512 ஒன்று போதும்.

அறிகுறி: இயங்குதளத்தை மேம்படுத்திய பின் கட்டமைப்பில் பிழை என்கிறது

0.17-ல் சில பெயர்கள் மாறின. டேட்டாபேஸ் என்று இருந்தது டேட்டாபேஸ்_இன் ஆனது. வெர்போஸ் போய், லாக்_லெவல், ரிப்போர்ட்_லெவல் என்று இரண்டாகப் பிரிந்தது. --கான்ஃபிக்-செக் ஓட்டினால் எந்த வரி என்று காட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: கட்டமைப்பை மாற்றுவதையும் சர்வர் மாற்றங்களை ஏற்பதையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். பழைய கட்டமைப்பில் சோதித்து முடித்துவிட்டுப் புதியதற்குப் போங்கள். இல்லாவிட்டால் விதி மாறியதால் வந்த ஆயிரம் வரியில் உண்மையான ஒரு வரி அமுங்கிவிடும்.

அறிகுறி: வாசூவில் உடனடி எச்சரிக்கை உடனே வருவதில்லை

வாசூவின் கோப்புக் கண்காணிப்பு, ஒன்றும் சொல்லாவிட்டால் 43,200 நொடிக்கு ஒருமுறை, அதாவது 12 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பார்க்கும். உடனடி வேண்டும் என்றால் ஒவ்வொரு கோப்புறைக்கும் ரியல்டைம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். அது கோப்புறைக்குத்தான் பொருந்தும், தனிக் கோப்புக்கு இல்லை. சொல்லியும் வராவிட்டால் கோப்பு மாற்றங்களை உடனே அறிவிக்கும் லினக்ஸ் வசதியான ஐநோட்டிஃபையின் வரம்பைப் பாருங்கள். ஒவ்வொரு துணைக் கோப்புறைக்கும் ஒரு கண்காணிப்பு செலவாகும். பழைய கர்னல்களில் ஒரு பயனருக்கு 8,192 தான் எல்லை. 5.11-லிருந்து நினைவகத்துக்கு ஏற்பக் கூடும். என்எஃப்எஸ் பகுதியில் வேறொரு இயந்திரம் எழுதினால் இந்த இயந்திரத்தின் கர்னலுக்குத் தெரியவே தெரியாது, அங்கே உடனடி எச்சரிக்கையை எதிர்பார்க்க வேண்டாம். ஓர் ஏஜென்ட், அதாவது ஒரு சர்வரில் நிறுவிய வாசூ நிரல், கண்காணிக்கும் கோப்புகளுக்கு 1,00,000 என்ற இயல்பான உச்சவரம்பும் உண்டு. அதற்குமேல் போனவை கணக்கில் வராது.

அறிகுறி: மாறியது தெரிகிறது, மாற்றியது யார் என்று தெரியவில்லை

எய்டிடம் இந்தக் கேள்விக்கு விடை இல்லை. இரண்டு நேரங்களில் எடுத்த நிலைகளை ஒப்பிடுவதோடு அதன் வேலை முடிகிறது. ஆளைத் தெரிந்துகொள்ள, யார் எதைத் தொட்டார்கள் என்று பதியும் லினக்ஸ் ஆடிட் வேண்டும், அதுவும் மாற்றம் நடப்பதற்கு முன்பே ஓடியிருக்க வேண்டும். ஷேடோ, சூடோயர்ஸ், ஆத்தரைஸ்டு கீஸ், கிரான் கோப்புறைகள் என்று ஒரு சிறு பட்டியலுக்கு மட்டும் எழுத்தையும் பண்பு மாற்றத்தையும் கவனிக்கும் விதி போட்டு, விதிக்கொரு குறிச்சொல் கொடுங்கள். பிறகு ஆடிட் பதிவுகளைத் தேடும் ஏயூசர்ச்சில் அந்தக் குறிச்சொல்லைத் தேடலாம். ஆடிட் விதிகளை -இ 2 போட்டுப் பூட்டியிருந்தால் மறுபடி பூட் செய்யும்வரை புது விதி ஏறாது. ஆடிட்டை நம்பி இயங்கும் வாசூவின் ஹூடேட்டாவும் (மாற்றியவரைச் சொல்லும் வசதி) அதே காரணத்தால் முடங்கும்.

கிடைக்கும் பதிவில் பயனர் எண்ணான யூஐடி 0 என்று பார்த்துவிட்டு "ரூட் செய்தது" என்று நிறுத்திவிடாதீர்கள். பக்கத்திலேயே ஏயூஐடி இருக்கும். முதலில் எந்தப் பயனராக உள்நுழைந்தாரோ அந்த எண், சூடோ போட்டாலும் எஸ்யூ போட்டாலும் மாறாமல் கூடவே வரும். அங்கே 1001 என்று இருந்தால் 1001 எண்ணுள்ள பயனரின் கணக்கில் நுழைந்து செய்யப்பட்டது. 4294967295 என்று இருந்தால் யாரும் உள்நுழைந்து செய்யவில்லை, பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு சேவைதான் அந்தக் கோப்பைத் தொட்டிருக்கிறது. அதே பதிவில் எக்ஸ்இ என்ற இடத்தில் அந்த நிரலின் முழுப் பாதை இருக்கும். அது வெப் சர்வரின் பாதையாக இருந்து, தொடப்பட்ட கோப்பு கிரான்.டி உள்ளே இருந்தால், சர்வரை நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிட்டு மேற்கொண்டு பாருங்கள்.